வெங்காயக் காய்ச்சல்



ராத்திரி அக்குளில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு படுத்தால் காலையில் உடம்பு நெருப்பாகக் கொதிக்கும், பரீட்சைக்குப் போக வேண்டாம் என்று பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. இதைப் படிக்கும் உங்களில் எத்தனை பேர் செய்து பார்த்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. வெங்காயத்தால் காய்ச்சல் வராது, வாடைதான் வரும். அதை மட்டும் அறிவியல் ஆசிரியனாகச் சொல்லிவைக்கிறேன்.

இன்று எழுதப்போவது கம்ப்யூட்டருக்கு வெங்காயம் வைக்கிற கதை.

நம் மாணவர் ஒருவர் பெங்களூரில் சிப் சம்பந்தமான வேலையில் இருக்கிறார். போன மாதம் பேசும்போது, "சார், புராசசருக்குக் காய்ச்சல் இல்லாதபோது காய்ச்சல் இருக்கிற மாதிரி காட்டுவதுதான் என் வேலை. வீட்டில் அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை, நீங்கள் எழுதுங்களேன்" என்றார். அந்த அம்மாவுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

கதை கம்ப்யூட்டருக்கு முன்னூறு வருஷம் முன்பு, ஒரு சமையல் பாத்திரத்தில் தொடங்குகிறது.

டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் மூடி இறுக்கிய ஒரு பாத்திரத்தைக் காட்டினார. நீராவியை உள்ளேயே அடைத்து வைத்து எலும்பைக்கூட மெத்தென்று வேக வைக்கும் பாத்திரம். நம் வீட்டு பிரஷர் குக்கரின் கொள்ளுப்பாட்டி அது. நீராவியை அடைத்தால் பாத்திரம் வெடிக்கும் என்று பாப்பினுக்குத் தெரியும். அதனால் ஒரு சிறு துளை வைத்து, அதன் மேல் எடை தொங்கும் ஒரு நெம்புகோலை வைத்தார். அழுத்தம் எல்லை மீறினால் எடையைத் தூக்கிக்கொண்டு நீராவி வெளியே போய்விடும். பாதுகாப்பு வால்வு பிறந்தது இப்படித்தான். இந்தப் பாத்திரத்தில் சமைத்த விருந்தை 1682-ல் ராயல் சொசைட்டிக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

அடுத்த நூற்றாண்டுகளில் அதே நீராவி கப்பலை ஓட்டியது. அமெரிக்காவின் ஒஹாயோ, மிசிசிப்பி ஆறுகளில் நீராவிப் படகுகளுக்குள் போட்டி வந்தது. வேகம் வேண்டுமென்றால் அழுத்தம் வேண்டும். பாதுகாப்பு வால்வோ குறித்த அழுத்தத்தில் திறந்து நீராவியை வெளியே விட்டுவிடும். என்ன செய்தார்கள் தெரியுமா? வால்வின் மேல் கூடுதலாக எடையைத் தொங்கவிட்டார்கள், இல்லையென்றால் கட்டியே போட்டார்கள். கொதிகலன் உள்ளே தவிக்கும், வால்வு வாயைத் திறக்காது. 1838 ஏப்ரலில் சின்சினாட்டி அருகே மொசெல் என்ற புத்தம் புதிய படகின் கொதிகலன்கள் வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதே வருஷம் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. அதில் பலம் போதவில்லை, வெடிப்புகள் நிற்கவில்லை. 1852-ல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது.

அந்த 1852 சட்டத்தில் நம் கதைக்கு வேண்டிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, கொதிகலனைத் தண்ணீர் அழுத்தத்தால் சோதிக்க வேண்டும் என்ற விதி. நெருப்பு மூட்டாமல் கொதிகலன் நிறையத் தண்ணீர் நிரப்பி, பம்பு போட்டு, நிஜமாக வேலை செய்யும்போது வருவதைவிட அதிக அழுத்தம் கொடுப்பார்கள். ஏன் நீராவியிலேயே சோதிக்கக் கூடாது? ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை நினைத்துப் பாருங்கள். நீராவி அமுங்கும். அமுங்கிய நீராவி விரியத் துடிக்கும். கொதிகலன் விரிசல் விட்டால் அது குண்டு மாதிரி வெடித்துவிடும். தண்ணீர் அநேகமாக அமுங்காது. விரிசல் விட்டால் பீய்ச்சி அடிக்கும், அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். சோதிப்பவரின் சட்டை நனையும், உயிர் போகாது. கொதிகலனின் இரும்புக்கு அழுத்தம் அழுத்தம்தான். உள்ளே இருப்பது நீராவியா தண்ணீரா என்று அது பார்ப்பதில்லை. ஆபத்தின் வேஷத்தை மட்டும் போட்டு, ஆபத்தை வெளியே நிறுத்திவிட்டுச் செய்யும் சோதனை இது.

இரண்டாவது, கப்பலை ஓட்டுகிறவர்களின் கைக்கு எட்டாதபடி ஒரு பாதுகாப்பு வால்வை வைக்கச் சொல்ல ஆய்வாளருக்கு அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. எடையைத் தொங்கவிட்டவர்களின் கையைக் கட்டும் ஏற்பாடு.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கம்ப்யூட்டருக்கு வருகிறேன்.

1971-ல் இன்டெல் வெளியிட்ட 4004 என்ற சிப்பில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள். ஒரு வாட்டுக்கும் குறைவான மின்சாரம். அதற்கு ஃபேன் எதற்கு? தொட்டால் லேசான சூடு, அவ்வளவுதான். எண்பதுகளின் வீட்டுக் கம்ப்யூட்டர்களிலும் புராசசர் வெறுமனேதான் உட்கார்ந்திருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் 486 வகையின் வேகமான சிப்புகள் வந்தபோது, சீப்புப் பல் மாதிரி தகடுகள் கொண்ட உலோகத் துண்டை அவற்றின் தலையில் வைத்தார்கள். அதுதான் ஹீட் சிங்க். 1993-ல் பென்டியம் வந்தபோது ஃபேனும் சேர்ந்துகொண்டது.

டிரான்சிஸ்டர் ஒவ்வொரு முறை மாறும்போதும் கொஞ்சம் சக்தி வெப்பமாகப் போகிறது. கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் நொடிக்குக் கோடிக்கணக்கான முறை மாறினால் என்ன ஆகும்? 2001-ல் விற்ற ஏஎம்டி அத்லான் 1.4 கிகாஹெர்ட்ஸ் சிப் அதிகபட்சமாக 72 வாட் வெப்பத்தைக் கக்கியது. சிப்பின் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டரைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. பழைய குண்டு பல்பு ஒன்றின் சூடு முழுவதும் சுண்டுவிரல் நகத்தளவு இடத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வருஷம் இன்டெல்லின் பாட் கெல்சிங்கர் ஒரு பொறியாளர் மாநாட்டில் பேசும்போது, சிப்புகள் இப்படியே போனால் ஒரு சதுர சென்டிமீட்டரில் வெளியாகும் வெப்பம் அணு உலையையும், ராக்கெட்டின் பின்வாயையும், கடைசியில் சூரியனின் மேற்பரப்பையும் எட்டிவிடும் என்று எச்சரித்தார்.

அப்படியானால் சிப்புக்கும் ஒரு பாதுகாப்பு வால்வு வேண்டும். முதலில் சூட்டை அளக்க வேண்டும். அதற்கு சிப்புக்குள்ளேயே ஒரு டையோடு போதும். ஒரே மின்னோட்டத்தை அதன் வழியாக அனுப்பினால், ஒவ்வொரு டிகிரி சூடு ஏற ஏற டையோடின் முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தம் ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் குறையும். பிளஸ் டூவில் டையோடு வரைபடம் போட்டு மார்க் வாங்கியவர்களே, அந்தப் படம் உங்கள் போனுக்குள் இந்த நிமிஷமும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஆனால் அளப்பது மட்டும் போதாது என்பதை 2001 செப்டம்பரில் உலகம் கண்ணால் பார்த்தது. டாம்ஸ் ஹார்டுவேர் என்ற கம்ப்யூட்டர் ஆய்வுத் தளத்தினர் நான்கு புராசசர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு விளையாட்டை ஓடவிட்டு, ஓடும்போதே ஹீட் சிங்கைக் கழற்றினார்கள். பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு தடுமாறித் தடுமாறி ஓடியது. ஹீட் சிங்கைத் திரும்ப வைத்ததும் பழையபடி வேகம் பிடித்தது. பென்டியம் III உறைந்து நின்றது, ஆனால் பிழைத்தது. அத்லான் சில நொடிகளில் புகைந்து செத்தது.

நான்காவது புராசசர்தான் நமக்குப் பாடம். அது புதிய வகை அத்லான். அதற்குள் சூடு காட்டும் டையோடு இருந்தது. இருந்தும் அதுவும் எரிந்துபோனது. ஏனென்றால் டையோடு சொல்வதைக் கேட்டு உடனே மின்சாரத்தை நிறுத்தும் ஏற்பாடு மதர்போர்டில் இல்லை. வாசலில் காவலாளி "திருடன், திருடன்" என்று கத்துகிறார், வீட்டில் எழுந்து வர ஆள் இல்லை. அந்த மாதிரி.

ஆகவே பாதுகாப்பு என்பது ஒரு சங்கிலி. அளக்க ஒரு சென்சார். அதைப் படித்து முடிவெடுக்க ஒருவர். முடிவைச் செயலாக்க ஃபேனும் வேகக் குறைப்பும். நடுவில் இருந்து முடிவெடுக்கிற மென்பொருளின் பெயர்தான் டிரைவர். பஸ் டிரைவரைப் போலவே இவரும் என்ஜின் சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டியவர்.

இந்த டிரைவர் செய்வது என்ன? உதாரணத்துக்குச் சில எண்கள் வைத்துக்கொள்வோம். 60 டிகிரியில் ஃபேனைப் போடு. 85-ல் வேகத்தைக் குறை. 105-ல் கோப்புகளைச் சேமித்துவிட்டு மெஷினை அணைத்துவிடு. இந்த வரம்புகளுக்கு ஒரு பொது இலக்கணத்தை 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற பெயரில் வெளியிட்டன. அதில் வெப்பநிலையைக் கெல்வினின் பத்தில் ஒரு பங்காக எழுத வேண்டும். 27 டிகிரி செல்சியஸ் என்பதை அங்கே ஏறக்குறைய 3002 என்று எழுதுவார்கள். நம் போன்களிலும் பல சர்வர்களிலும் அடித்தளமாக இருக்கும் லினக்ஸோ செல்சியஸின் ஆயிரத்தில் ஒரு பங்கில் எழுதும். அங்கே 95 டிகிரி என்றால் 95000. அலகைக் கவனி, அலகைக் கவனி என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்தினேனே, எதற்கு என்று இப்போது தெரிகிறதா? லினக்ஸிடம் 95 என்று மட்டும் எழுதிவிட்டால், பனிக்கட்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக அது நினைத்துக்கொள்ளும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. 85-ல் வேகத்தைக் குறைத்தால் 84 ஆகும். உடனே வேகத்தைக் கூட்டினால் மறுபடி 85. இப்படியே ஊஞ்சலாடினால் என்ன ஆவது? அதனால் 85-ல் குறைத்தால் இன்னும் சில டிகிரி இறங்கும் வரை கூட்டாதே என்று ஒரு இடைவெளி வைப்பார்கள். உங்கள் அயர்ன் பாக்ஸின் சிவப்பு விளக்கு அணைந்து சிறிது நேரம் கழித்து மறுபடி எரிவதும் இந்த இடைவெளியால்தான்.

சரி, இந்த டிரைவர் எழுதியாயிற்று. இது சரியாக வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

நேர்வழி, சிப்பை நிஜமாகவே சூடாக்குவது. சூடான காற்றை ஊதலாம், சூளை மாதிரியான பெட்டியில் வைக்கலாம், கடினமான கணக்குகளைக் கொடுத்து மூச்சுவாங்க வைக்கலாம். ஆனால் சரியாக 84.5-ல் நிறுத்து, பிறகு 85.2-க்குப் போ, உடனே 70-க்கு இறங்கு என்று நெருப்பிடம் சொல்ல முடியுமா? இன்று செய்த சோதனையை நாளைக்கு அச்சு அசலாகத் திரும்பச் செய்ய முடியாது. ஏசி அறையில் வரும் பலன் வேறு, மே மாதச் சென்னையில் வரும் பலன் வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, 105 டிகிரியில் டிரைவர் தவறு செய்தால் அதைக் கண்டுபிடிக்கும் முன்பே சிப் செத்துப்போகலாம். கொதிகலனை நீராவி வைத்துச் சோதிப்பது போலத்தான் இதுவும்.

1852-ன் தண்ணீர் இங்கே வேறு வடிவத்தில் வருகிறது. சாம்சங்கின் எக்ஸினோஸ் 4412 போன்ற போன் சிப்புகளில், சூட்டை அளக்கும் பகுதிக்குள்ளேயே பொய் எண்ணை எழுத ஓர் இடம் வைத்தார்கள். அங்கே ஓர் எண்ணை எழுதினால் சென்சாரின் எண்ணை விட்டுவிட்டு அதையே அது தன் சூடாக எடுத்துக்கொள்ளும். 2013-ல் லினக்ஸிலேயே எல்லா வகைச் சிப்புகளுக்கும் பொதுவாக ஈமுல்-டெம்ப் என்று ஒரு சின்ன வாசல் திறந்தார்கள். அதில் 61000 என்று எழுது, ஃபேன் சுற்றுகிறதா பார். 86000 எழுது, வேகம் குறைகிறதா பார். 84000 எழுது, அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டாமல் பொறுமையாக இருக்கிறதா பார். 106000 எழுது, மெஷின் ஒழுங்காக அணைகிறதா பார். சிப் என்னவோ குளுகுளு என்றுதான் இருக்கும். ஆனால் டிரைவர் நிஜமாகவே ஓடியாடி வேலை செய்யும். எழுதும் எண் 0 என்றால் பொய்யை நிறுத்து, உண்மைக்குத் திரும்பு என்று அர்த்தம். ஆகவே 0 டிகிரி என்ற ஒரு பொய்யை மட்டும் அதனிடம் சொல்ல முடியாது!

நம் மாணவரின் வேலை இதுதான் அம்மா. உங்கள் பிள்ளை கம்ப்யூட்டருக்கு வெங்காயம் வைக்கிறார். காய்ச்சல் வந்தால் வீட்டில் எல்லாரும் சரியாக நடந்துகொள்கிறார்களா என்று காய்ச்சல் வரும் முன்பே பார்த்துவைக்கிறார். வெயிலில் வைத்த போன் வெடிக்காமல், "சூடாகிவிட்டேன், கொஞ்சம் பொறு" என்று ஒரு செய்தியைக் காட்டிவிட்டு அடங்குகிறதே, அதன் பின்னால் இப்படிப் பேர் தெரியாத பலருடைய உழைப்பு இருக்கிறது.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான்.

சூடு இல்லாதபோது சூடு என்று பொய் சொல்ல ஒரு வாசல் திறந்தால், சூடு இருக்கும்போது குளிர் என்று பொய் சொல்லவும் அதே வாசல் போதும். யாராவது 30000, 30000 என்று விடாமல் எழுதிக்கொண்டே இருந்தால்? உள்ளே சிப் தகிக்கும், டிரைவர் 30 டிகிரிதானே என்று நிம்மதியாக இருக்கும். நீராவிப் படகின் வால்வில் எடையைத் தொங்கவிட்ட அதே வேலை.

இதை எழுதியவர்களுக்கு அது தெரிந்திருந்தது. விற்பனைக்குப் போகும் கருவிகளில் இந்த வாசலைத் திறந்து வைக்காதீர்கள், குறைந்த எண்களைக் கொட்டிக் கொட்டியே பாதுகாப்பை முடக்கிவிடலாம் என்று இந்த வசதியின் விளக்கக் குறிப்பிலேயே எச்சரித்தார்கள். அதோடு நிற்கவில்லை. பொய் எண் கொடுத்திருக்கும்போதும் நிஜ சென்சாரைப் படித்துக்கொண்டே இருக்கும்படி எழுதினார்கள். நிஜ வெப்பநிலை கடைசி ஆபத்து எல்லையைத் தொட்டுவிட்டால் பொய்க்கு அங்கே மதிப்பில்லை. உண்மைதான் மேலே போகும், மெஷின் அணையும். ஆக, ஆபத்து என்று பொய் சொல்லலாம். உயிர் போகும் ஆபத்து வந்த பிறகு ஆபத்து இல்லை என்று மட்டும் பொய் சொல்ல முடியாது. கப்பலோட்டியின் கைக்கு எட்டாத அந்த வால்வு சில வரி நிரலாக மறுபடி பிறந்திருக்கிறது. அதை எழுதியவர்கள் அமெரிக்கப் படகுச் சட்டத்தைப் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆபத்தோடு பழகுகிறவர்கள் எந்தக் காலத்திலும் ஏறக்குறைய ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்.

பொய்க் காய்ச்சலுக்கு ஒரு குறையும் உண்டு. டிரைவருக்கு நேராகப் பொய் எண்ணைக் கொடுத்தால் டிரைவரைத்தான் சோதித்தோம், சென்சாரைச் சோதிக்கவில்லை. ஹீட் சிங்க் சரியாக ஒட்டியிருக்கிறதா, ஃபேனில் தூசி அடைத்திருக்கிறதா என்றெல்லாம் அது சொல்லாது. அதனால் கடைசியில் நிஜச் சூட்டிலும் ஒருமுறை சோதித்துத்தான் ஆக வேண்டும். தண்ணீரில் தேறிய கொதிகலனுக்கும் பிறகு நெருப்பு மூட்டித்தானே பார்க்கிறோம்?

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆய்வகச் சுவரில் தீயணைப்புச் சிலிண்டர் ஒன்று சிவப்பாகத் தொங்கிக்கொண்டிருக்கும். வருஷாவருஷம் அதற்கு ஒட்டடை அடிப்போம். ஒருமுறை இறக்கிச் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று நிர்வாகத்திடம் கேட்டால், "தீ பிடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் சார், எதற்கு அபசகுனம்?" என்று பதில் வரும். நம் ஊரில் பாதுகாப்புக்கு நாம் செய்வது பெரும்பாலும் ஒட்டடை அடிப்பதுதான். ஆபத்தை ஒத்திகை பார்ப்பதில் என்ன அபசகுனம்? ஒத்திகை பார்க்காத பாதுகாப்பு இருந்தும் இல்லாததுதான்.

ஆகவே இந்தப் பதிவுக்கு லைக் போடும் முன்பு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டு மெயின் சுவிட்ச் பக்கத்தில் இ.எல்.சி.பி. அல்லது ஆர்.சி.சி.பி. என்று ஒரு கருவி இருக்கலாம். மின்சாரம் யார் உடம்பிலாவது பாய்ந்து தரைக்குக் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிப்பது அது. அதன் முகத்தில் 'டி' என்ற ஆங்கில எழுத்தோடு ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் கசிவு ஏற்பட்டது போல ஒரு சிறு மின்னோட்டத்தைத் தனக்குள்ளேயே உண்டாக்கிக்கொண்டு அது தன்னைச் சோதித்துக்கொள்ளும். யாருக்கும் ஷாக் அடிக்காது. இதுவும் வெங்காயக் காய்ச்சல்தான்.

கம்ப்யூட்டரை முறையாக அணைத்துவிட்டு, கரண்ட் இருக்கும்போது அந்தப் பொத்தானை அமுக்குங்கள். டப்பென்று விழுந்தால் நல்லது, திரும்ப ஏற்றிவிடுங்கள். விழவில்லையென்றால் தாமதிக்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வீட்டு வயரிங்கும் எர்த்தும் சரியாக இருக்கிறதா என்று இந்தப் பொத்தான் சொல்லாது, அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். வீடு கட்டிய நாளிலிருந்து அதை ஒருமுறைகூட அமுக்காதவர்கள் நம்மில் பலர் இருப்போம்.

அமுக்கிப் பார்த்தவர்கள், விழுந்ததா இல்லையா என்று கீழே எழுதுங்கள். வருகைப் பதிவேடு திறந்திருக்கிறது.

என்றும் அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்